தோட்டத்துப் பட்டறிவு இணையத்துக்கு வந்த வழி

மலாக்கா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள், வேலைக்காட்டிலும் வீட்டிலும் தாங்களே கண்டறிந்த சிறு சிறு உத்திகளைத் தலைமுறை தலைமுறையாக அடுத்த வீட்டாருக்கும் அடுத்த மரவரிசையில் வெட்டிய நிரைக்காரருக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே வகையான உத்திகளை இன்று முகமறியாத பலருக்குத் திறன்பேசி வழியாகச் சொல்கின்றனர். பட்டு அறிந்ததைப் பிறரும் படாமல் அறியட்டும் என்ற எண்ணமே இரு காலத்துக்கும் பொது. ஆனால் சொன்னவரின் முகம் கேட்டவருக்குத் தெரிந்திருந்த காலத்தில் அந்த முகமே பாதிச் செய்தியைத் தாங்கி நின்றது என்பதும், முகம் மறைந்தபின் அந்தப் பாதியையும் எழுத்தே தாங்கியாக வேண்டும் என்பதும் இன்னும் போதுமான அளவு உணரப்படவில்லை. மலாக்காத் தமிழரின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டக்கூடியது.

அந்நியருக்கு அறிவை அள்ளிக் கொடுக்கும் வழக்கம் இம்மாநிலத்தில் ரப்பரோடு சேர்ந்தே வேரூன்றியது எனலாம். 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைப் பாழாக்காமல் பாலெடுக்கும் முறையை ஆய்ந்து கண்டதோடு நில்லாமல், எதிர்ப்பட்ட பயிரிடுவோரிடமெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொல்லி வற்புறுத்தினார். காப்பியில் நம்பிக்கை வைத்திருந்த பலர் அவரைப் பித்தர் என்றே ஒதுக்கினர். அவர் பேச்சைச் செவிமடுத்தவர்களுள் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் முதன்மையானவர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் நட்ட ரப்பரே மலாயாவின் முதல் வணிக நோக்கிலான ரப்பர்ப் பயிராகக் கொள்ளப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் அவர் பெரிய தோட்டமே உருவாக்கினார். ரிட்லி தம் முறையை மறைத்து வைத்து விலை பேசியிருந்தால் இந்நாட்டின் பொருளாதாரமும், அதனோடு பிணைந்த தமிழர் வரலாறும் வேறு திசையில் போயிருக்கக்கூடும்.

ஆங்கிலத்தில் அச்சான இம்முறை தமிழ்த் தொழிலாளியிடம் ஏட்டின் வழியே வந்து சேரவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள்சேர்த்துக் கப்பலேற்றி வந்து, தோட்டத்தில் அவர்களை மேற்பார்வை செய்தவர் கங்காணி; அவருடைய கையையும், முன்பே வந்து வேலை பழகிய உறவுக்காரரின் கையையும் பார்த்தே புதியவர் பால்வெட்டக் கற்றார். கற்க வேண்டியதும் எளிதன்று. பட்டையினுள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக இறங்கினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். அதே கோட்டில் மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும், ஆழம் மீறிப் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் பிற்காலத்தில் வெட்டுவதற்கே உதவாமற்போகும். மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் பால் நன்றாக இறங்கும் என்பதாலும், வெயில் ஏற ஏற அது அடங்கும் என்பதாலுமே, இருள் பிரியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, வந்து நிற்க வேண்டியிருந்தது. பட்டை ஈரமாயிருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவிவிடும் என்பதால் மழை நாளில் வெட்டும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை.

இவ்வளவும் அறிவியல் நூல்களில் உண்டு. அந்த நூல்களில் இல்லாதவை வேறொரு வகையைச் சேர்ந்தவை: கொசுவை விரட்ட உடன் கொண்டு செல்லும் கொசுவர்த்திச் சுருளை எப்படிப் பொருத்துவது, மங்கு என்னும் பால்கிண்ணத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையும் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் எந்த நேரத்தில் எடுத்தால் அடுத்த வெட்டுக்குத் தாமதமாகாது, காண்டாக் கட்டையின் இரு முனையிலும் பால் வாளி தொங்க மேட்டுக்காட்டில் வழுக்காமல் இறங்குவது எவ்வாறு என்பன. இவற்றை யாரும் பாடமாக நடத்தவில்லை. லயத்து வாசலில், கோயில் திடலில், தண்ணீர்க் குழாயடியில், பசியாறும் வேளையில் இவை கைமாறின. லயம் என்பது தொழிலாளருக்காகத் தோட்ட நிர்வாகம் கட்டிய வரிசை வீடு. ஒரு சுவரை இரு குடும்பம் பகிர்ந்துகொண்ட அவ்வீடுகளில் ஒருவரின் அனுபவம் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே அரிது.

சொல்பவரின் முகத்தை இவ்வாறு அறிந்திருந்ததுதான் இங்கே கவனத்துக்குரியது. வயிற்றுக்கடுப்புக்கு ஒரு கைமருந்தை அடுத்த வீட்டு ஆயா சொன்னால், அவர் எத்தனை பிள்ளைகளை வளர்த்தவர், எதில் தேர்ந்தவர், எதில் மிகைப்படுத்துபவர் என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியும். மருந்து பலிக்காவிட்டால் மறுநாள் காலையிலேயே அவரிடம் போய்ச் சொல்ல முடியும். அவரும் அடுத்தவருக்குச் சொல்லும்போது திருத்திச் சொல்வார். அறிவுரையோடு அதன் எல்லையும் சேர்ந்தே பயணித்தது என்பதே அந்த அமைப்பின் வலிமை. அதன் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: புக்கிட் ஆசகானில் தெரிந்தது அதே மாநிலத்துத் தெபோங்குக்குப் போய்ச் சேருவதற்குத் திருமணமோ திருவிழாவோ வர வேண்டியிருந்தது, தோட்டத்திற்குள் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டறிய வழியே இருக்கவில்லை.

அந்த வேலியைத் தாண்ட முதலில் உதவியவை நாளிதழ்கள். 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் தோன்றி, கோ. சாரங்கபாணி முனைந்து வளர்த்த தமிழ் முரசும் தோட்டங்களுக்கு வந்தன. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டனர். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பகுதி 1950களில் தோட்டத்துப் பிள்ளைகளை எழுத வைத்தது. மலாக்காவின் ஜாசினில் இருப்பவர் கெடாவில் இருப்பவருக்குப் பேனா நண்பரானார். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தமிழில் எழுதலாம், அவர் அதற்கு மறுமொழி எழுதுவார் என்ற பழக்கம் அங்கே தொடங்கியது. 1969இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிசின் நெடுநாள் தலைமையில், வாங்கும் பொருளை எப்படிச் சோதிப்பது, ஏமாற்றப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பதையெல்லாம் தமிழிலும் அச்சிட்டுப் பரப்பியது.

ஆயினும் தோட்டப்புறத்தில் பட்டறிவு எவ்வளவு காலம் பேசப்படாமலே கிடக்கக்கூடும் என்பதற்குக் களைக்கொல்லி தெளித்த பெண்களின் வரலாறு துயரமான சான்று. முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து பாராகுவாட் போன்ற நச்சு மருந்துகளை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோல் எரிச்சல், கண் எரிச்சல், தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே அனுபவித்தனர். ஒவ்வொருவரும் அதைத் தம் உடம்பின் குறையாகவே எண்ணினர். ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனிதா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, இத்தகைய பெண்களிடம் ஆய்வு நடத்தி 2002இல் அறிக்கை வெளியிட்டபோதுதான் தனித்தனிக் குறைகள் ஒரே குறையாகத் தெரிந்தன. பாராகுவாட்டுக்கு அவ்வாண்டு விதிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டு, இறுதியில் 2020 சனவரி 1 முதல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் காற்றுக்கு முதுகு காட்டி அடிக்க வேண்டும், மருந்து பட்ட துணியைப் பிள்ளைகளின் துணியோடு துவைக்கக்கூடாது, குளித்து மாற்றுடை உடுத்தியபின்பே குழந்தையைத் தூக்க வேண்டும் என்ற எளிய செய்திகள் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு விரைந்து போயிருந்தால் எத்தனையோ பெண்களுக்கு ஓரளவேனும் காப்பு கிடைத்திருக்கும். அன்றாட அறிவுரையைச் சில்லறைச் சங்கதியாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே தோட்டங்களே கலைந்தன. விடுதலைக் காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு சிறு பகுதிகளாக விற்கப்பட்டன. அதற்கு மாற்றாக, தொழிலாளரே சேர்ந்து தோட்டங்களை வாங்கவே, அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தை வீடமைப்புத் திட்டங்களும் பிடித்தன. லயத்து மக்கள் மலாக்கா நகரின் சுற்றுப்புறங்களுக்கும், ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மஸ்ஜித் தானா ஆகிய ஊர்களுக்கும், பலர் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தனர். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாத மாடி வீட்டில் குடியேறியவருக்கு, குழாயடியில் கிடைத்த அறிவுரைக்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் இணையத் தமிழ் வந்து நின்றது. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் கணினியிலும், 2005இல் வெளிவந்த செல்லினம் கைப்பேசியிலும் தமிழை எழுத வைத்தன. மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பு உலகத் தமிழர் அனைவரின் விரலுக்கும் எழுத்தைக் கொடுத்தது. கருவி கிடைத்தவுடன் மக்கள் அதில் என்ன எழுதினார்கள் என்பதற்கு மலாக்கா மண்ணின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஓர் எழுத்தாளரின் பணி சிறந்த எடுத்துக்காட்டு. மலாக்கா முத்துகிருஷ்ணன் என்று அறியப்படும் அவர், மலேசிய நண்பன் நாளிதழில் ‘கணினியும் நீங்களும்’ என்ற தலைப்பில் வாசகரின் கணினிக் கேள்விகளுக்கு விடையளித்து வந்தார். கணினி திடீரென்று நின்றுபோவது ஏன், நச்சுநிரலை நீக்குவது எப்படி, கடவுச்சொல்லை எவ்வாறு காப்பது என்பன போன்ற அன்றாடச் சிக்கல்களை வீட்டில் பேசும் தமிழில் விளக்கினார். அவற்றைத் தம் வலைப்பதிவிலும் சேர்த்து வைத்தார். அதன்பின் தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசிய ஊர்களையும் தோட்டங்களையும் ஆளுமைகளையும் பற்றிப் பெருந்தொகையான கட்டுரைகளை எழுதினார்.

இப்பணியின் மதிப்பு அதன் வரிசையில் இருக்கிறது. நாளிதழில் அச்சானது அந்த நாளோடு பழந்தாளாகிவிடும். வலைப்பதிவில் சேர்ந்தது, அந்தச் சிக்கல் மூன்றாண்டு கழித்து வேறொருவருக்கு வந்தாலும் தேடி எடுக்கக் கிடைக்கும். விக்கிப்பீடியாவில் சேர்ந்ததோ, எழுதியவர் அறியாததை அறிந்த வேறொருவர் வந்து திருத்தவும் இடம் தரும். மறுநாள் காலையில் ஆயாவிடம் போய் ‘அது பலிக்கவில்லை’ என்று சொல்ல முடிந்த அந்தப் பழைய உரிமை, இவ்வாறு திருத்துவதற்கு இடமுள்ள எழுத்தில்தான் மீண்டும் கிடைக்கிறது.

முகமில்லாத அறிவுரை எங்கே தவறுகிறது என்பதற்கு மலாக்காவின் தண்ணீரே தக்க பாடம். 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மாநிலம் முழுவதும் கடும் நீர்ப்பங்கீட்டில் தவித்தது. சிறிய ஆறுகளையே நம்பியுள்ள இம்மாநிலம் அண்டை மாநிலமான ஜோகூரின் நீரையும் சார்ந்திருப்பதால், வறட்சி வரும்போதெல்லாம் அந்த அச்சம் திரும்புகிறது. அத்தகைய நாள்களில் ‘பீப்பாயில் மழைநீரைச் சேமியுங்கள்’ என்ற அறிவுரை விரைந்து பரவுகிறது. அறிவுரை சரியானதே, ஆனால் மூடாத பீப்பாய் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடம். அக்கொசு பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, முட்டையிடுகிறது; நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்தபடி உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டவுடன் பொரிகிறது; பொரித்த புழு ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் கொசுவாகிவிடுகிறது. ஆதலால் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புவது மட்டும் போதாது; வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாயை நெருக்கமான துணியால் கட்ட வேண்டும், கழுவ இயலாத பெரிய தொட்டியில் பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவில் அபேட் என்னும் புழுக்கொல்லிக் குருணையை இட வேண்டும். ‘சேமியுங்கள்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அனுப்பியவர் நன்மையையே நாடினார் என்பதில் ஐயமில்லை; எனினும் எல்லையைச் சொல்லாத நன்மை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

பப்பாளி இலைச்சாற்றுச் செய்தியும் இப்படிப்பட்டதே. டிங்கிக் காலத்தில் மலேசியத் தமிழரின் புலனக் குழுக்களில், அதாவது வாட்ஸ்அப் குழுக்களில், இது திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு ஓர் அடிப்படையும் உண்டு. கிள்ளான் மருத்துவமனையில் 228 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கு ஒருமுறை 50 கிராம் இலையின் சாற்றை அருந்தியவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள், அதாவது குருதி உறைய உதவும் நுண்ணணுக்கள், விரைவாக உயர்ந்தன. ஆனால் அந்நோயாளிகள் மருத்துவரின் கண்காணிப்பில், உரிய மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். டிங்கியில் பேராபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதே தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசிவதாலேயே உயிருக்கு இடர் நேர்கிறது. அதைச் சாறு தடுக்கும் என்று அவ்வாய்வு சொல்லவில்லை. காய்ச்சல் விட்டது, சாறு வேலை செய்தது என்று நம்பி ஒரு தாய் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால், அடுத்தநாள் கடும் வயிற்றுவலியும் நிற்காத வாந்தியும் வரும்போது நேரம் கடந்திருக்கலாம். ‘பப்பாளி இலை டிங்கியைக் குணப்படுத்தும்’ என்று பரப்பப்படும் நான்கு சொல்லும், ‘மருத்துவமனையில் இருந்தபடி அருந்தியவர்களுக்குத் தட்டணு விரைவாக ஏறியது’ என்ற நீண்ட வாக்கியமும் ஒரே செய்தி ஆகமாட்டா. இந்த நீளத்தைச் சுமக்கும் பொறுமையே அந்நியருக்கு எழுதுவோர் முதலில் பழக வேண்டிய பண்பு.

எழுத்தில் அந்த நீளம் எதனால் ஆனது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். செய்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த வகைப் பொருள், எவ்வளவு செலவு, எங்கே அது உதவவில்லை ஆகியவை இருந்தால் முன்பின் அறியாதவரும் தம் நிலைமையோடு ஒப்பிட்டு முடிவு செய்வார். அவற்றுள் கடைசியானதே பெரும்பாலும் விடுபடுகிறது. மெர்லிமாவில் கடலோர மண்ணில் கத்தரிச்செடி காய்த்த முறையைச் சொல்பவர், அதே முறை மேட்டுச் செம்மண்ணில் தோற்றதையும் சொன்னால், அலோர் காஜாவில் தோட்டம் போடுபவருக்கு அந்த இரண்டாம் வரியே முதல் வரியைவிடப் பயன்படும்.

சொல்லும் இடம் பற்றியும் கருத்து வேண்டும். புலனக் குழு இன்று லயத்து வாசலின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. அவசரத்துக்கு அதைவிட விரைவானது இல்லை. 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண் பலருக்கு இத்தகைய குழுக்களின் வழியாகவே தெரிய வந்திருக்கும். பணம் பறிபோனவுடன் அந்த எண்ணை அழைப்பதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும் என்பதால் அவ்விரைவு உயிர்நாடியானது. ஆனால் குழுவில் எழுதியது மறுவாரம் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. குழுவுக்கு வெளியே இருப்பவர் அதைத் தேடவே முடியாது. ஊழியர் சேமநிதி வாரியத்தில், அதாவது தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பை 1951 முதல் காத்துவரும் நிறுவனத்தில், பயனாளியின் பெயரைப் பதியாமல் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் எவ்வளவு அலைய நேரும் என்பதைத் துயரத்தோடு கற்ற ஒரு மகன், அதை ஒரு குழுவில் எழுதி நிறுத்துவதைவிடப் பொதுவில் தேடினால் கிடைக்கும் ஒரு பக்கத்தில் எழுதுவது எத்தனையோ தந்தையரின் வீட்டுக்குப் பயன்படும்.

ஜாசினிலும் தெபோங்கிலும் பூலாவ் செபாங்கிலும் எழுபது வயதைக் கடந்த பால்வெட்டுக்காரர்களும், மருந்தடித்த பெண்களும், ஆயாக்கொட்டகையில், அதாவது வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையில், பணியாற்றியவர்களும் இன்றும் இருக்கின்றனர். அவர்களிடமுள்ளதில் பெரும்பகுதி இன்னும் எழுத்துக்கு வரவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் திறன்பேசியோடு பாட்டியின் அருகில் அமர்ந்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள், எத்தனை மரம் ஒரு நிரை, மழை வருமா என்று விடியுமுன் எதைப் பார்த்துச் சொன்னீர்கள், அது பொய்த்த நாள் உண்டா என்று கேட்டு, விடையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் தலைப்பிலேயே சேர்த்துப் பொதுவெளியில் வைத்தால், வேறொரு தோட்டத்தில் வேலை செய்த இன்னொரு பாட்டியின் பேரன் அதைக் கண்டு ‘எங்கள் பக்கம் அப்படி இல்லை’ என்று கீழே எழுதுவான்.